சொந்தப் பிள்ளைகளை இறக்குங்கள்

ஐஸ் ஹாக்கி ஆட்டம் இருக்கிற சனிக்கிழமைகளில் ஸ்ரீஸ்கந்தராஜாவை ஹோட்டல் குசினிக்குள் பிடித்து வைக்க யாராலும் முடியாது. கிழமை தொடங்கும்போதே ஷெஃபிடம் சொல்லி, ஞாயிறு முழுக்க நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, அந்த மாலைக்கு லீவு வாங்கிவிடுவார். சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்குக்கு அவர் வந்து சேர்ந்தது எண்பதுகளின் நடுவில். அகதி மனுவுக்குப் பதில் வராமல், பகலெல்லாம் கோப்பை கழுவிக்கொண்டு கிடந்த முதல் குளிர்காலத்தில், ஊரில் வெளிச்சமும் சனமும் இருந்த ஒரே இடம் ஐஸ் மைதானம்தான். சும்மா எட்டிப் பார்க்கப் போனவர் அப்படியே அங்கு ஒட்டிக்கொண்டார். அவருடைய ஜெர்மன் பாதிக்கு மேல் அங்கே நின்று கற்றது. நடுவரைத் திட்டும் சொற்கள் முதலில் வந்தன. வணக்கம் சொல்வது பிறகுதான் வந்தது.

நின்று பார்ப்பவர்களின் பக்கத்தில் அவருக்கும் தச்சுவேலை செய்யும் ஜியானுக்கும் நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது. இருவரும் ஆட்டத்தைப் பார்த்ததைவிடக் கழக நிர்வாகத்தைப் பற்றிக் கதைத்ததே அதிகம். கழகம் கீழ்மட்ட லீக் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் நிர்வாகம் சமவெளி நகரம் ஒன்றிலிருந்து யாரோ ஒரு கோல் கீப்பரைக் கூட்டி வரும். அவருக்கு ஓர் அறை, ஒரு பழைய கார், மத்தியானச் சாப்பாடு. பனி உருகும்போது அவரும் மறைந்துவிடுவார். அடுத்த வருடம் இன்னொருவர். கழகத்தின் இளைய அணிகளிலோ கொள்ளைப் பிள்ளைகள். அவர்களை வளர்த்து மேலே கொண்டுவர நிர்வாகத்துக்கு எண்ணமே இல்லை என்று ஜியான் சொல்வார். எண்ணம் இல்லையென்றில்லை, துணிவில்லை என்பார் ஸ்ரீஸ்கந்தராஜா.

“சொந்தப் பிள்ளைகளை இறக்குங்கள்” என்பது அவருடைய வாசகமாகவே ஆகிவிட்டது. ஆட்டம் தோற்றால் கத்துவார். கழகத்தின் இணையத்தளத்தில் ரசிகர்கள் கருத்து எழுதும் பக்கம் ஒன்று இருந்தது, அதிலும் எழுதுவார். ஒருமுறை ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று தன் குசினி ஜெர்மனில் அதையே சொன்னபோது பின்வரிசை முழுக்கக் கை தட்டியது. அணியைத் தெரிவு செய்யும் ஸ்போர்ட்ஷெஃப் ரேட்டோ, ஊரில் மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர், தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

சொந்தப் பிள்ளைகள் என்று சொல்லும்போதெல்லாம் ஸ்ரீஸ்கந்தராஜாவின் கண்ணுக்குள் வந்தவர்கள் அந்த ஊர்ப் பையன்கள்தான். அவருடைய சொந்த மகளே இளைய அணியின் கோல் கீப்பர் என்பது அந்தக் கணக்கில் ஒருநாளும் வந்ததில்லை.

லக்சனாவுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. பல்வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர் வேலை பழகிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தோடு சறுக்கப் போனபோது வேகமாக ஓடத் தெரியாததால் கோல் வாசலில் நிறுத்தப்பட்டவள்; பிறகு அங்கிருந்து யாராலும் அவளை அசைக்க முடியவில்லை. பெண்கள் அணி என்று ஒன்றில் சேர வேண்டுமானால் ரயில் ஏறி மலையைக் கடந்து போகவேண்டும். அதனால் பையன்களோடேயே ஆடிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிர்காலம், 2007 தொடங்கிய நேரம், பெரியவர்களின் பயிற்சிக்கும் ரேட்டோ அவளைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். பயிற்சிக்கு ஓர் ஆள் குறைவதால்தான் என்று ஸ்ரீஸ்கந்தராஜா நினைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் கோல் கீப்பரின் முழங்கால் திருகிக்கொண்டது. இரண்டாமவன் இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தான். சனிக்கிழமை ஆட்டமோ பக்கத்துப் பள்ளத்தாக்கு அணியோடு, ஊரே வந்து நிற்கும் ஆட்டம். அயல் கழகம் ஒன்று தன் கோல் கீப்பரை ஒரு நாளைக்கு இரவல் தரத் தயாராக இருந்தது. ரேட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு லக்சனாவின் பெயரைப் போட்டார்.

புதன்கிழமை மாலைக்குள் கருத்துப் பக்கம் நிரம்பி வழிந்தது. நிர்வாகத்துக்கு மூளை உறைந்துவிட்டது என்று ஒருவர் எழுதினார். இது ஆண்கள் ஆட்டமா, பள்ளிக்கூட விழாவா என்று இன்னொருவர் கேட்டார். பிள்ளையைக் குறை சொல்லவில்லை, ஆனால் இளையவர்களை வளர்ப்பது என்றால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டுப் பார்ப்பதல்ல என்று நீளமாக ஒருவர் விளக்கியிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா கணினிக்கு முன்னால் இருந்து ஒன்றுவிடாமல் வாசித்தார். எல்லாம் சரியாகவே பட்டது. அதுதான் அவரைக் கலக்கியது. வேறொருவருடைய பிள்ளை என்றால் இவர்கள் எல்லாருக்கும் அவரே பதில் எழுதிக் கிழித்திருப்பார்.

ஜியான் வழியில் கண்டு, பிள்ளை பாவம், நிர்வாகம் தன் தவறை மறைக்க அவளைப் பலி கொடுக்கிறது என்றார். அந்தச் சொல் அவருடைய நெஞ்சில் குத்தி நின்றுவிட்டது. வீட்டில் மகள் வழக்கம்போலப் புட்டும் சம்பலும் சாப்பிட்டாள், வழக்கம்போலத் தாயோடு எதற்கோ வாதாடினாள். பயமாயிருக்கிறதா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சமையல் முடிந்து மாலைச் சமையல் தொடங்குமுன் கிடைக்கும் ஓய்வு நேரத்தில், ஏப்ரனைக் கழற்றிவிட்டு நேரே ரேட்டோவின் கடைக்குப் போனார். ரேட்டோ ஏணியில் நின்று மின்குமிழ்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா சுற்றி வளைக்கவில்லை. அந்த இரவல் ஆளைக் கூப்பிடு, பிள்ளைக்கு இன்னும் காலமிருக்கிறது, இந்த ஆட்டம் வேண்டாம் என்று கேட்டார்.

ரேட்டோ ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

“மூண்டு வருசமா எனக்குப் பின்னாலை நிண்டு என்ன கத்தினனீ, ஸ்ரீ?”

ஸ்ரீஸ்கந்தராஜா அது வேறை, இது வேறை என்று முணுமுணுத்தார்.

“உன்ரை மகள் எண்டதுக்காக நான் அவளை இறக்கேல்லை. உன்ரை மகள் எண்டதுக்காக நிப்பாட்டவும் ஏலாது,” என்றார் ரேட்டோ. கோபமாகச் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்கப் பெரியவர்கள் அடிக்கும் அடியை அவள் பயிற்சியில் தடுத்துக்கொண்டிருப்பதைத் தான் பார்த்ததாகவும், இனி மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்து கற்க அவளுக்கு ஒன்றுமில்லையென்றும் சொன்னார். ஆட்டம் கெட்டுப்போனால் சனம் எழுதப்போவது தன்னைப் பற்றித்தான், அது தனக்குப் பழகிவிட்டது என்றார். பிறகு மறுபடி ஏணியில் ஏறிவிட்டார்.

வெளியே வந்த ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தகப்பனே வந்து வேண்டாமென்று கேட்டார் என்று ரேட்டோ பிள்ளையிடம் சொல்லிவிட்டால்? ஆட்டத்துக்கு முதல் நாள், தன்னைத் தகப்பனே நம்பவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால்? அன்று மாலை அவர் பொரித்த உருளைக்கிழங்கு இரண்டு தரம் கருகியது.

சனிக்கிழமை ஐந்து மணி ஆட்டத்துக்கு மனைவி புனிதவதியும் வந்தாள். குளிருக்குப் பயந்து அந்தப் பக்கமே வராதவள், கணவனின் பழைய ஜக்கெட்டைத் தன் கோட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு ஜியானுக்குப் பக்கத்தில் நின்றாள். அணி இறங்கியது. முகமூடிக்குள் இருந்த லக்சனா கோல் வாசலைச் சறுக்குக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, கம்பங்களைத் தட்டிப் பார்த்தாள். எதிரணிக்காரன் முதலில் அடித்த வட்டு அவளுடைய தோளில் பட்டுத் தெறித்தது. ஸ்ரீஸ்கந்தராஜா தேத்தண்ணி வாங்கி வாறன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். தேத்தண்ணிக் கடைக்குப் போகவில்லை. சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கூர் தீட்டும் சின்ன அறைக்கு வெளியே, சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அங்கிருந்து ஆட்டத்தைக் காதால்தான் அறியலாம். ஊர்ச்சனம் ஆர்ப்பரித்தால் நம்முடைய கோல். சட்டென்று அடங்கினால் அவர்களுடையது. இருமுறை ஆர்ப்பரித்தது, இருமுறை அடங்கியது. சில நேரம் கோலும் இல்லாமல், அமைதியும் இல்லாமல், எல்லாருமாக மூச்சை இழுத்துவிட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தமென்று அவருக்கு விளங்கவில்லை. இத்தனை வருடமும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றவர் அவர்.

இரண்டாம் இடைவேளை முடிகிற நேரம் புனிதவதி அவரைத் தேடிப் பிடித்தாள்.

“பிள்ளை அங்கை நிக்கிறாள். நீங்கள் இஞ்சை ஒளிச்சு நிக்கிறியள்.”

“என்னாலை பாக்க ஏலாது, புனிதம்.”

“நான் பாத்தனான். அவள் பிடிக்கிறாள். வாங்கோ.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேலே ஏறியபோது எண்ணிக்கை இரண்டுக்கு இரண்டு. எதிரணியின் பெரிய உருவம் ஒன்று தனியாகப் பாய்ந்து வந்தது. லக்சனா முன்னுக்கு வந்து, பொறுத்து, அவன் அடிக்கும்வரை அசையாமல் நின்று, பிறகு காலை நீட்டினாள். கறுப்பு வட்டு அவளுடைய கால்கட்டில் மோதி மூலைக்கு ஓடியது. எல்லாரும் மூச்சை விட்டார்கள். கீழே கேட்ட சத்தம் இதுதான் என்று ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு அப்போது விளங்கியது.

கடைசி நேரத்தில் அவர்கள் தோற்றார்கள். தூரத்திலிருந்து வந்த சாதாரண அடி, தடுப்புக்கு நிற்கும் சொந்தப் பின்னணி ஆட்டக்காரன் ஒருவனின் சப்பாத்தில் பட்டுத் திரும்பி உள்ளே போனது. சங்கு ஊதியதும் ஸ்ரீஸ்கந்தராஜா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். இனி எல்லாரும் தொடங்குவார்கள்.

தொடங்கத்தான் செய்தார்கள். பின்னணியில் நிற்பவன் மாடு என்றார்கள். இப்படியான பின்னணியை வைத்துக்கொண்டு எந்தக் கோல் கீப்பர்தான் என்ன செய்வது என்றார்கள். கோடை முழுக்க நிர்வாகம் என்ன பிடுங்கிக்கொண்டிருந்தது என்று ஜியான் தொண்டை கிழியக் கேட்டார். பிறகு திரும்பி, உன்னுடைய பெட்டை இல்லையென்றால் இன்று பத்து வாங்கியிருப்போம், ரேட்டோவுக்கு ஒரு நல்ல பின்னணி வாங்கத் தெரியாதா என்று அவரிடமே நியாயம் கேட்டார். அவளை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. நான்கு நாளாக இறுகிக் கிடந்த ஸ்ரீஸ்கந்தராஜாவின் தோள்கள் தாமாக இறங்கின. பசித்தது. புதன்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது.

சிவப்பு ரயிலில் மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். லக்சனா ஈரத் தலையோடு, தாய் கொண்டுவந்த ரோல்ஸைத் தின்றுகொண்டிருந்தாள். தோளில் நோவா என்று புனிதவதி கேட்டதற்கு, அந்த மூன்றாவது கோல்தான் நோ என்றாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்கள் ரேட்டோவின்ரை கடைக்குப் போனனீங்களோ?”

மறைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. “ஓம் பிள்ளை.”

“வேறை ஆளைப் பிடிக்கச் சொல்லி?”

“ஓம்.”

அவள் வாயிலிருந்ததை விழுங்கினாள். “நானும் போனனான். வியாழக்கிழமை. எனக்குப் பயமாக் கிடக்கு, வேண்டாம் எண்டு சொன்னனான்.”

“அவர் என்ன சொன்னவர்?”

“போய் நித்திரை கொள் எண்டார்.”

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது. அவர் சிரிக்க அவளும் சிரித்தாள். தனக்கு மட்டும் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை என்று புனிதவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் ரோல்ஸ் பெட்டியைக் கணவன் பக்கம் தள்ளினாள்.

அடுத்த கிழமை இராணுவத்திலிருந்து வந்தவன் கோல் வாசலில் நின்றான். லக்சனா ரிசர்வ் வாங்கில். ஆட்டம் தொடங்குமுன்பே கருத்துப் பக்கம் கொதித்தது. வளரும் பிள்ளையை ஒரு ஆட்டத்தோடு வாங்கில் இருத்தி நிர்வாகம் நாசமாக்குகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். துணிவில்லாத நிர்வாகம் என்று இன்னொருவர். ஜியானுக்கும் அதே கருத்துத்தான். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

ரேட்டோவுக்குத் தெரியும் என்று ஸ்ரீஸ்கந்தராஜா சொன்னார். ஜியான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேறு யாரிடமோ கதைக்கத் திரும்பினார். கீழே வாங்கில் லக்சனா முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்தவனிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.