டெஸ்லியின் மூக்கு

டார்கன்ஸ் ஹெட் கடற்கரை மீட்புச் சங்கத்தின் கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஆண்கள் படகுக் குழுவின் படங்கள்தான். ஒவ்வொன்றும் ஆளுயரம். நிறமெல்லாம் சாயம்போன துணிபோல வெளுத்திருக்கும். பின்னால் புயலுக்குக் காத்திருக்கும் சாம்பல் வானம். தோள்களின் விளிம்பில் மட்டும் தீட்டிய கத்திபோல ஒரு வெளிச்சம், தாடியில் தொங்கும் கடல்நீர். மாநிலப் படகுப் போட்டியில் கடைசிக்கு முந்திய இடத்தில் வந்தவர்கள்தான். ஆனால் படத்தைப் பார்த்தால் கப்பலையே கவிழ்த்துவிட்டுக் கரையேறியவர்கள் என்று தோன்றும்.

அதே போட்டியில், அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த பெண்கள் குழு தங்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தது. அவர்கள் படம் சங்கத்தின் செய்தி இதழில் வந்தது. ஏப்ரன் கட்டிக்கொண்டு, லாமிங்டன் கேக் தட்டை ஏந்தி, பல் தெரியச் சிரித்தபடி நின்றார்கள். கீழே ‘நம் அலைச் செல்லங்கள்’ என்று போட்டிருந்தது.

மெரில் அந்தக் குழுவில் துடுப்புப் போடுகிறவள். இதழைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத் தலைவர் கிளைவிடம் போனாள்.

“எங்களையும் அந்த மாதிரியே படம் எடுத்துச் சுவருல மாட்டணும், கிளைவ்.”

கிளைவ் சிரித்தார். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் மெரில். அந்த மாதிரி எடுத்தா முகத்துல இருக்கற ஒவ்வொரு கோடும் வாய்க்கால் மாதிரி தெரியும். ஆம்பளைக்கு அது கம்பீரம். உங்களுக்கு வேணாம்.”

“எங்க வாய்க்காலை நாங்க பாத்துக்கறோம்.”

“சுவருல இடமும் இல்லையே.”

அந்தச் சுவரில் ஒரு படகையே தொங்கவிடலாம். மெரில் இதழை அவர் மேசையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அவளுடைய பிழைப்பே படங்களைத் திருத்துவதுதான். பள்ளிப் பிள்ளைகளின் படங்கள் அவள் கணினிக்கு வரும். பரு, கலைந்த முடி, கண்ணுக்குக் கீழே கருவளையம் எல்லாவற்றையும் துடைத்து, வழித்தெடுத்த வெண்ணெய்போல முகங்களை அனுப்பிவைப்பாள். இப்போது அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்.

டெஸ்லி வீட்டு கராஜில் எடுத்தார்கள். டெஸ்லி குழுவிலேயே பலசாலி; அவள் துடுப்புக்குத்தான் மற்றவர்கள் ஈடு கொடுக்க வேண்டும். பின்னால் ஒரு கறுப்புப் போர்வை. கார் ரிப்பேருக்கு வைத்திருந்த இரண்டு விளக்குகளை ஆளுக்குப் பின்னால் இருபக்கமும் நிறுத்தி, முகத்தில் வெளிச்சம் திரும்பி விழ முன்னால் ஐஸ் பெட்டியின் வெள்ளை மூடியைச் சாய்த்து வைத்தாள் மெரில். பெண்கள் ஒவ்வொருவராகக் கடலில் முங்கிவிட்டு நேரே வந்து நின்றார்கள்.

“சிரிக்காதே டெஸ்லி.”

“சிரிக்கலடி. குளிருல பல்லு கிட்டுது.”

முதல் முயற்சி பாழ். மெரில் கணினியில் நிறத்தை ஒரே இழுப்பில் குறைத்திருந்தாள். ஐந்து பேரும் பிணவறையிலிருந்து எழுந்து வந்தவர்கள்போல இருந்தார்கள். குழுவின் சுக்கான் பிடிக்கும் வால்டா, “மாலைக்குச் சொல்லிடலாமா?” என்று கேட்டாள்.

மெரில் மறுபடி கூடத்துக்குப் போய் ஆண்கள் படத்தின் முன்னால் நின்று கூர்ந்து பார்த்தாள். நிறம் முழுக்கப் போகவில்லை. தோலில் கொஞ்சம் பழுப்பை விட்டுவைத்திருந்தார்கள். நிழல்களில் நீலம் கலந்திருந்தது. கன்னத்து எலும்பும் கழுத்து நரம்பும் தானாக அப்படி எழுந்து நிற்கவில்லை. பிரஷ்ஷால் இருட்டாக்க வேண்டியதை இருட்டாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை வெளிச்சமாக்கி யாரோ மெனக்கெட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தாள். சிவப்பைத் தனியாக வெளுத்தாள், மஞ்சளைத் தனியாக. கண்களைத் தொடவில்லை. கண்ணோரத்துச் சுருக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் ஒளி கொடுத்தாள். அதே படத்தை மேலே இன்னொரு அடுக்காக வைத்துத் தோலின் சொரசொரப்பைக் கூர்மையாக்கினாள். மெல்ல மெல்லத் திரையிலிருந்து டெஸ்லி அவளை முறைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.

அச்சடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். டெஸ்லி அதை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கிளைவ் சொன்னது பலித்துவிட்டதோ என்று மெரில் பயந்தாள்.

“வயசு ரொம்பத் தெரியுதா? வேணும்னா கொஞ்சம் மென்மையாக்கறேன்.”

“இது யாருடி?”

“நீதான்.”

“நான் இல்லை. என் மூக்கு எங்கே?”

மெரில் குனிந்து பார்த்தாள். டெஸ்லியின் மூக்கில் இடப்பக்கம், தோல் புற்றுக்காக வெட்டியெடுத்த இடத்தில், ஒரு பள்ளமும் கோணலான தழும்பும் உண்டு. படத்தில் அது இல்லை. மூக்கு மழமழவென்று நேராக இருந்தது. எப்போது துடைத்தோம் என்றுகூட மெரிலுக்கு நினைவில்லை.

“பழக்கம்டி. கை தானாப் போயிடுச்சு.”

“இத்தனை சுருக்கத்தையும் கல்லுல செதுக்கின மாதிரி செதுக்கியிருக்கே. அதுக்கு ஒரு வார்த்தை சொன்னேனா? நல்லாத்தான் இருக்கு. ஆனா தையல் பிரிச்ச கையோட இந்த மூக்கைத் தூக்கிக்கிட்டு அலையில இறங்கினவ நான். அதை அழிக்க நீ யாரு?”

மெரில் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். அதன் விளிம்பில் வெளிச்சத்தையும் ஒரு பிடி கூட்டினாள். பிறகு சந்தேகம் வந்து மற்ற படங்களையும் திருத்தாத மூலப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். தன் படத்தில் தாடைக்குக் கீழே தொங்கும் சதையைக் காணோம். தன்னைத்தானே திட்டிக்கொண்டு அதையும் இருந்த இடத்தில் வைத்தாள்.

கடற்குளியல் பருவம் தொடங்கிய நாளன்று, வெளியே எல்லாரும் ரொட்டிக்குள் சாசேஜை வைத்துத் தின்றுகொண்டிருந்தபோது, பெண்கள் ஏணி போட்டு ஐந்து படங்களையும் மாட்டிவிட்டார்கள். உள்ளே வந்த கூட்டம் படங்களின் முன்னால் குவிந்தது. கிளைவ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“யாரைக் கேட்டு மாட்டினீங்க? கழட்டுங்க.”

“ஏணி அங்கேதான் இருக்கு,” என்றாள் வால்டா. “நீயே ஏறிக் கழட்டு.”

அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் ஏறவில்லை. ஆனால் அடுத்த முறை அவர்கள் போனபோது படங்கள் சங்கத்துக் கிடங்கில் கேஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் முகம் திரும்பிக் கிடந்தன. செயற்குழு முடிவாம். வால்டாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “இந்தச் சங்கமே வேணாம், வேற ஊருக்குப் போயிடலாம்” என்றாள்.

“நாம எதுக்குப் போகணும்?” என்றாள் டெஸ்லி. “என் வீட்டு வேலி எதைப் பாத்து இருக்கு, சொல்லு?”

டெஸ்லியின் வேலி, கார்கள் நிற்குமிடத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பாதையைப் பார்த்து இருந்தது. சங்கத்துக்கு வருகிறவர்களுக்கு வேறு வழியே கிடையாது. மெரில் படங்களை இன்னும் பெரிதாக்கி, பேனர் துணியில் அச்சடித்து வந்தாள். ஐந்து பேருமாக இழுத்துக் கட்டினார்கள்.

கிளைவ் அந்த வழியாக வந்தபோது நின்றே விட்டார். “நகராட்சில புகார் கொடுப்பேன்.”

“தாராளமாக் கொடு,” என்றாள் டெஸ்லி. “வேலி என்னுது, மூஞ்சியும் என்னுது.”

புகார் போனது. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து வேலியின் உயரத்தை அளந்தார், சரியாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டினார், டெஸ்லி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். படங்கள் அங்கேயே இருந்தன. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் அவற்றின் முன்னால் நடை தளர்ந்து, யார் இவர்கள் என்று கேட்டார்கள். கூடத்தில் இருந்த ஆண்கள் படத்தைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கோடை பாதி போன பிறகு செயற்குழு ஆள் அனுப்பியது. சுவரில் ஓர் ஓரம் ஒதுக்கலாம், வேலியில் இருப்பதை எடுத்துவிட்டால் போதும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

“ஓரமா?” என்றாள் மெரில். “எங்களுக்கு இங்கேயே காத்து நல்லா வருது. போய்ச் சொல்லிடுங்க.”

அன்று தெற்குக் காற்று பலமாக இருந்தது. அலை உடையும் இடம் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ஆண்கள் குழு பயிற்சியை ரத்து செய்துவிட்டுக் கூடத்துக்குள் உட்கார்ந்திருந்தது. வால்டா கரையில் நின்று கடலை ஒரு பார்வை பார்த்தாள். மற்ற நால்வரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு படகின் பக்கங்களைப் பிடித்துத் தண்ணீரை நோக்கித் தள்ளத் தொடங்கினார்கள்.