ஸ்லிப்பா, பிபிபியா?

இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை, தலையிலடித்துச் சத்தியம்.

கடிகார ரிப்பேர்காரர் கணினியை டெலிபோன் கம்பியில் இணைத்தார். இணையத்தோடு எந்த முறையில் பேசட்டும், ஸ்லிப்பா பிபிபியா என்று அது கேட்டது. சுலபமென்று ஸ்லிப்பைத் தேர்ந்தெடுத்தார். வெளியூர் மகளின் கடிதம் வந்தது. என்றைக்கு வருகிறாள் என்ற வரியை மட்டும் காணோம்.

மனைவி மேசையடியைப் பெருக்கினாள். முறத்தில் எழுத்துகள் சலசலத்தன.

"வழியெல்லாம் சிந்திக்கிட்டு வந்திருக்கு பாருங்க. சரிபார்த்து வாங்க ஆளில்லையா?"

"பிபிபி சரிபார்க்கும். ஆனா பேரு, பாஸ்வேர்டுன்னு கேட்டு உயிரை வாங்குமே" என்று முனகினார்.

"கேட்டா சொல்லுங்களேன். வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?"

மாற்றிவிட்டுக் கடிதத்தை மறுபடி இழுத்தார். வரி முழுசாக வந்தது: "வெள்ளிக்கிழமை வரேன்ப்பா."

முறத்தில் இருந்ததை அவள் குப்பையில் கொட்டவில்லை. மகளுடைய எழுத்தாயிற்றே என்று டப்பாவில் போட்டு மூடினாள்.

அந்த வருஷம் அந்த வீட்டுக்கு டெலிபோன் இணைப்பே வந்திருக்கவில்லை.