நம்பரை மூடிய படம்

விபத்து வண்டியைப் படம் போடுவதற்கும் ஒரு மரியாதை உண்டு என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அடிபட்ட கார்களை இழுத்து வரும் ரெக்கவரி வண்டிக்காரர்களும் பட்டறைக்காரர்களுமாக இருபத்தாறு பேர் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறோம். முதலில் போய்ச் சேர்ந்தவன் படம் போடுவான். மற்றவர்கள் கட்டைவிரல் போடுவார்கள். பார்த்துவிட்டேன், போட்டிக்கு வரமாட்டேன் என்று அர்த்தம். படத்தில் ரத்தம் கூடாது, முகம் கூடாது, நம்பர் பிளேட்டைத் துணியால் மூட வேண்டும். அப்பா செத்ததை எங்கள் படத்தைப் பார்த்துத்தான் ஒரு பெண் தெரிந்துகொண்டாள். அன்றைக்குப் போட்ட சட்டம் இது. போன மாதம் மூடாமல் போட்ட ஒருவனைக் குழுவைவிட்டே துரத்தினேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நேற்று மத்தியானம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு வெள்ளைக் கார். தெருவுக்குப் பத்து நிற்கிற ரகம். முன்பக்கம் இருந்த இடமே தெரியவில்லை. ஓட்டி வந்தவனை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவன் ஃபோன் தூள் தூளாகிக் கிடந்தது. நம்பரைத் தேடினால் வண்டியை விற்றுவிட்ட பழைய ஓனர் பேர்தான் வந்தது. அந்த ஆளும் ஃபோனை எடுக்கவில்லை.

"பொழைக்கிறது கஷ்டமாம். வீட்டாளுங்க வந்தா முகத்தையாவது பாக்கலாம்," என்றார் போலீஸ்காரர். "உங்க குரூப்ல நம்பரைப் போட்டுக் கேளேன்பா, யாருக்காவது தெரிஞ்சிருக்கும்."

"அந்தப் பழக்கம் எங்ககிட்ட இல்லைங்க சார்," என்றேன், பெரிய நீதிபதி மாதிரி.

பின்பக்க நம்பர் பிளேட்டைத் துணியைப் போட்டு மூடினேன். படம் எடுத்தேன். போட்டேன். மளமளவென்று கட்டைவிரல்கள் வந்தன. மூன்றாவது எங்கள் பட்டறை பெயிண்டருடையது.

காரைக் கொக்கியில் மாட்டி, நெரிசலில் ஊர்ந்து, பட்டறைக்கு வர ஒன்றரை மணி நேரமானது. துணியை உருவினேன். கையைத் துடைத்தபடி வெளியே வந்த பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டான்.

"அண்ணே, இது என் தம்பி வண்டி."

அவனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஓடினோம். வழியில் அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நம்பரை ஏண்ணே மூடினீங்க?"

பதில் என்னிடம் இருந்தது. நல்ல பதில்தான். அதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

"இப்பத்தாங்க, உயிர் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகலை," என்றாள் நர்ஸ்.

பெயிண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டான். "யாரையாவது கேட்டானாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அண்ணன் பட்டறை பக்கத்துலதான், கூப்பிடுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எந்தப் பட்டறைன்னு கேக்கறதுக்குள்ள நினைவு போயிடுச்சு. அப்பவும் காதுல விழட்டும்னு, வந்துக்கிட்டிருக்காருன்னு நாங்களா ஒரு பொய்யைச் சொன்னோம்."

பெயிண்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். "நீங்க கிளம்புங்கண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுத் தனியாக உள்ளே போனான்.