பாதி வாசனை

நெடுமாறன் வளர்ந்தது காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், அப்பா கொட்டி வைத்த துணிக் குவியலுக்கு நடுவே. அங்கே அவன் கற்றது ஒன்றுதான்: வாய் திறந்து கேட்கிறவன் எவனும் இரண்டு மடங்காகத்தான் கேட்பான், பாதிக்கு இறக்கினால் இரண்டு பேருக்கும் ராத்திரி தூக்கம் வரும். பெரிய புடவைக் கடைக்கு மேனேஜரான பிறகும் அந்தக் கணக்கை அவன் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே, ரவிக்கைத் துணிப் பிரிவில் நிற்கும் மெரின் வந்து, "அண்ணே, அந்த வாசனை மெஷினை நிறுத்திடுங்க. எனக்கு மூச்சடைக்குது" என்றபோது, அவன் அதையும் ஒரு விலையாகத்தான் கேட்டுக்கொண்டான்.

மெஷின் அவனே, விற்க வந்த சென்னைக்காரனைப் பேரத்தில் கசக்கிப் பிழிந்து வாங்கி, மெரின் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டியது. 'புஸ்'ஸென்று ரோஜாவும் சந்தனமுமாக ஊதும். அது வந்ததிலிருந்து கஸ்டமர் இன்னும் நாலு புடவை பிரித்துப் பார்க்கிறார்கள் என்று முதலாளிக்கு ஒரே பூரிப்பு.

"நிறுத்தறதா? முதலாளி என்னைக் கொன்னுடுவாரு. மத்தியானத்துக்கு மேல நிறுத்திக்கலாமா?"

"துணியிலயே ஒட்டிக்குதுண்ணே. சாயங்காலம் வரைக்கும் போவ மாட்டேங்குது."

"ஏம்மா, கோயில்ல ஃபாதர் தூபம் போடறாரே, அப்ப என்ன பண்ணுவ?"

"கடைசியில, கதவோரமா நின்னுக்குவேன்."

"சரி விடு, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், பாதியாக் குறைச்சுடறேன். கொசுறா ஒரு மாஸ்க்கும் வாங்கித் தர்றேன். போதுமா?"

பக்கத்தில் புடவை மடித்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி, "அடேங்கப்பா! மூச்சுக்கே தள்ளுபடி போட்ட ஆளு நீங்கதாண்ணே" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நெடுமாறனும் சிரித்தான். மெரின் மட்டும் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஸ்டூல் போட்டு ஏறி, மெஷின் திருகைப் பாதிக்குத் திருப்பிவிட்டு, நல்ல வியாபாரம் முடித்த நிறைவோடு டீ குடிக்கப் போனான். இந்தப் பெண் தனக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்டிருப்பாள், அதற்குக் கீழே இறங்க அவளிடம் எதுவும் இல்லை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கொசுறும் நிலைக்கவில்லை. மாஸ்க்கைப் பார்த்ததும் முதலாளி, "என்னய்யா, இந்தப் பொண்ணுக்கு ஏதோ சீக்குன்னு கஸ்டமர் ஓடவா?" என்று கத்தினார். கழற்றச் சொல்லி அவளிடம் போனவன் நெடுமாறன்தான். அவள் மறுபேச்சில்லாமல் கழற்றி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு டீ அவனுக்குச் சரியாக இறங்கவில்லை.

பிறகு முகூர்த்த வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை, கடை முழுக்கக் கல்யாண வீட்டுக் கூட்டம்.

"என்னய்யா, வாசனையே காணோம்?" என்றார் முதலாளி, கல்லாவிலிருந்து.

நெடுமாறன் ஸ்டூலில் ஏறித் திருகைக் கடைசி வரை திருப்பினான். திருப்பும்போதே கண் கீழே போயிற்று. மெரின் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்குப் பச்சை ரவிக்கைத் துணிகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. ஒரு சாயங்காலம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு இறங்கினான்.

கூட்டம் கலைவதற்குள் அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். உதடு கறுத்திருந்தது. அவனும் அஞ்சலாட்சியும் தூக்கி ஆட்டோவில் போட்டபோது, அந்தப் பச்சைத் துணி அவள் பிடியிலேயே இருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் சோப்பே போடாமல் வெறும் தண்ணீரில் குளித்தான். துவைத்த சட்டையின் காலரை முகர்ந்தான். ரோஜா. இன்னொரு சட்டையை எடுத்தான். அதிலும் ரோஜா. வார்டு வாசலோடு நின்றுவிட்டான்.

"உள்ள வாங்க தம்பி, ஏன் அங்கயே நிக்கிறீங்க?" என்றாள் மெரினின் அம்மா ஆனந்தமேரி. மகளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்மா. சட்டையில வாசனை இருக்குதோ என்னமோ."

மெரினின் குரல் கிழிந்து வந்தது. "அண்ணே, நான் திரும்பி வேலைக்கு வரணும்னா மெஷின் இருக்கக் கூடாது. ஸ்பிரே கூடாது. யாரும் சென்ட் அடிச்சுட்டு வரக் கூடாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி கூடாது. அஞ்சலாட்சி அக்கா மரிக்கொழுந்து வைக்கக் கூடாது."

பெண் கற்றுக்கொண்டுவிட்டாள். கடைசி இரண்டும் குறைத்துக் கொடுப்பதற்காகச் சேர்த்தவை என்று அவனுக்குக் கேட்டவுடனே தெரிந்தது. அவன் பேரம் பேசிக் குறைக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

"சரிம்மா. எல்லாத்துக்கும் சரி. மெஷினைக் காலையிலயே கழட்டிட்டேன்."

அவள் முகம் செத்துப்போயிற்று. அம்மாவைப் பார்த்தாள், பிறகு அவனை. "ஏண்ணே... டாக்டரு உங்ககிட்டத் தனியா ஏதாவது சொன்னாரா?"

விசிறி நின்றது.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல! ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

இரண்டு பேரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? நெடுமாறன் பேரம் பேசாமல் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டான் என்றால், யாரோ சாகப் போகிறார்கள் என்றுதான் கடையில் எவரும் நினைப்பார்கள். முதலாளி மனசு இளகிட்டார் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. ஆனந்தமேரியின் கை ஜெபமாலையைத் தேடிப் போவதைப் பார்த்ததும் அதை விழுங்கினான்.

"நேத்து மெஷினை முழுசாத் திருப்பி வெச்சது நான்தாம்மா. அதான்... வேற ஒண்ணுமில்ல."

மெரின் கோபப்படவில்லை. எங்கேயோ நாம்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டோமோ என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"பாதின்னுதானே அண்ணே பேசி முடிச்சோம்?" என்றாள்.