நர்சிங் குரூப்

மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, கல்லூரி விண்ணப்பமெல்லாம் போட்டுக் கொடுப்பவள் நான். யார் என்ன படிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையும் கடையோடு சேர்ந்து வந்துவிட்டது. கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு சகாயமேரி தன் மகள் ஜெனிஷாவை அழைத்து வந்தாள். புருஷனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெண்ணுக்கு நர்ஸ் ஆக வேண்டுமாம், பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுப்பது என்று கேட்டாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நர்ஸ் ஆக நர்சிங் குரூப் என்றேன். பள்ளியில் அப்படி ஒரு தொழிற்பிரிவு இருந்தது. அதே வருடம் என் மகள் தமிழ்மொழியை டாக்டராக்கும் ஆசையில் உயிரியல் பிரிவில் சேர்த்தேன்.

ஜெனிஷா அந்தப் பிரிவில் பள்ளியிலேயே முதல். இந்த வருடம் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பம் போட வந்தாள். பிளஸ் டூ பிரிவைத் தட்டியதும் ‘தகுதி இல்லை’ என்று சிவப்பில் வந்தது. நெட் கோளாறு என்று நாலு முறை தட்டினேன். பிறகுதான் கையேட்டைப் படித்தேன். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நர்சிங் படித்தவர்களுக்கு நர்சிங்கில் இடமில்லை.

“கண்ணகிக்கா, நீங்க சொல்லித்தான சேத்தோம்?” என்றாள் சகாயமேரி.

விதி எழுதியவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னைத் திட்டிக்கொள்ள அன்று நேரமில்லாமல் போய்விட்டது.

டாக்டர் ஆசை கலைந்த தமிழ்மொழிக்கு அடுத்த வாரம் அதே பக்கத்தைத் திறந்தேன். பச்சையில் வந்தது. ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவள் என் மகள். அதை எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

இடம் கிடைத்தது. மஞ்சள்காமாலைத் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்றார்கள். பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே வெள்ளைக் கோட்டில் ஜெனிஷா. எங்கள் சுரங்க ஊரில் மனிதர்கள் இரண்டே வகை, பெர்மனென்ட், கான்ட்ராக்ட். இவள் இரண்டிலும் இல்லை. நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்றார்கள். டாக்டர் ‘கூட இருக்கிற பொண்ணு’ என்றார்.

தமிழ்மொழி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெனிஷா பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளி பி.டி. மாஸ்டர் பஸ்ஸில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு விசிலோடு இறங்கிய கதையைச் சொன்னாள். என் மகள் சிரித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருந்தது.

“நீயும் இப்பிடித்தான் பேசிக்கினே போடணும், தமிழ்,” என்றாள், பஞ்சை அழுத்தியபடி.

எனக்கு அவமானமாக இருந்தது. “அன்னிக்கு நான் படிச்சிப் பாத்துட்டு சொல்லியிருக்கணும்மா,” என்றேன்.

“அடுத்த டோஸ் ஒரு மாசம் கழிச்சி ஆன்ட்டி. மறக்காம கூட்டிக்கினு வாங்க.”

சான்றில் ‘ஊசி போட்டவர் கையெழுத்து’ என்று ஒரு கட்டம் இருந்தது. தான் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லி, அவளே டாக்டரிடம் எடுத்துப் போனாள். அவர் தலை நிமிராமல் போட்டார். கடைக்கு வந்து ஸ்கேன் செய்து கல்லூரிப் பக்கத்தில் ஏற்றினேன். உடனே ஏற்றுக்கொண்டது.