மூன்று கற்களின் அம்புக்குறி

மணற்கல் என்பது மணல்மேல் மணலாகப் படிந்து, தாள்கட்டைப் போல இறுகிப்போன கல். கட்டடத்தில் வைக்கும்போது அந்த அடுக்குகள் படுத்தபடி இருக்க வேண்டும். நிறுத்தி வைத்துவிட்டால் மழைநீர் இடையில் இறங்கி, கல்லின் முகம் தோல் தோலாக உரியும். சிக்கல் என்னவென்றால், காய்ந்த கல்லில் அடுக்கு கண்ணுக்குத் தெரியாது. நனைத்தால்தான் தெரியும். நனைத்துப் பார்த்து, காய்ந்தபின் மேல்பக்கத்தைக் காட்டி சாக்பீஸால் அம்புக்குறி போடுவது என் வேலை.

1998இல் டெல்லியில், முனிர்காவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லறை மண்டபத்தைச் செப்பனிடத் தொடங்கினோம். நான் மேற்பார்வையாளர். கல் வைத்தவர் விழுப்புரத்துக் கலியன். ஊரில் கருங்கல் வேலை பார்த்தவர். கருங்கல்லில் இந்த அடுக்குத் தொல்லை கிடையாது.

"எனக்கு எந்தப் பக்கம் பாத்தாலும் மைசூர்பாகு மாதிரிதான் சார் இருக்குது" என்று சிரிப்பார்.

"நீங்க அம்பை மட்டும் பாருங்க" என்பேன்.

ஒருநாள் கல்லூரி மாணவர்கள் வேலையைப் பார்க்க வந்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. குறி போட்டு வைத்திருந்த மூன்று கற்களின்மேல் தண்ணீர் ஊற்றி அடுக்குகளைக் காட்டினேன். "அச்சா!" என்றார்கள். குறிகளும் கரைந்து ஓடின. கல் காய்ந்ததும் ஞாபகத்திலிருந்து திரும்பப் போட்டேன். இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றிச் சரிபார்த்திருக்கலாம்.

மண்டப வேலை முடிவதற்குள் இரண்டு மழைக்காலம் போனது. அந்த மூன்று கற்களும் உரிந்தன.

எங்கள் அதிகாரி வந்து, "கிஸ்னே லகாயா?" என்றார், யார் வைத்தது என்று.

கலியன் கையைத் தூக்கினார். "நான்தான் சார் வச்சேன்."

ஏன் உரிந்தது என்று அதிகாரி என்னைக் கேட்டார். ஹிந்தியில் ஐந்து நிமிடம் விளக்கினேன். மழைநீர், அடுக்கு, டெல்லிக் குளிர், எல்லாம் சொன்னேன். குறி போட்டது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. பிரமாதமாக விளக்கினேன் என்று அதிகாரி என் தோளில் தட்டினார். அன்று சாயங்காலமே கலியனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் அவர் மனைவி கோவிந்தம்மாள், அங்கேயே சுண்ணாம்புக் கலவை சுமப்பவர், சட்டியை இறக்கிவிட்டு என்முன் நின்றார்.

"அவருக்குச் சோறு எறங்கல சார். என்ன தப்பு பண்ணேன்னே தெரியலங்கறாரு. நீங்க நேத்து ஹிந்தில சொன்னது வெளங்கல. தமிழ்ல சொல்லுங்க. அடுத்த எடத்துல சாக்கிரதையா இருப்பாரு."

"அவர்மேல தப்பே இல்லம்மா."

"பின்ன யாருமேல?"

"அம்பு அழிஞ்சுபோச்சு. நான் திருப்பிப் போட்டேன். தப்பாப் போட்டுட்டேன்."

நான் இன்னும் ஏதோ சொல்வேன் என்பதுபோல் அவர் காத்திருந்தார். பிறகு, "இவ்ளோதானா? இதச் சொல்ல நேத்து எவ்ளோ நேரம் ஆயிருக்கும் சார்?" என்றார்.

நேரே அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எனக்கு மெமோ கொடுத்தார். கலியனைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார்.

திங்கட்கிழமை கலியன் வந்தார். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள், "மூணையும் இன்னிக்கே பேத்துடலாமா சார்?" என்று உளியை எடுத்தார். நான் கல்லைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். நாலு அடி அடித்தவர் நிறுத்தினார்.

"கைய கொஞ்சம் தள்ளி வைங்க சார். பட்டுடப் போவுது."