தொட்டிக்குள் விழுந்த கைபேசி

என் கணவரின் காலை நான்தான் முறித்தேன். திராட்சைத் தோல் அள்ளும் இரும்புச் சவளால் அடித்து முறித்தேன். நாளைக்கு அதே நிலைமை வந்தால் மற்றக் காலையும் முறிப்பேன். சுவிஸில், சியர் நகரத்தில் இருக்கிற எங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்னென்னவோ கதைக்கிறார்கள். அதனால் நடந்ததை நானே சொல்கிறேன்.

2009 ஐப்பசி. வலே மாநிலத்தில், ரோன் ஆற்றுக்கு மேலே ஒரு வைன் நிலவறையில் மூன்று பேரும் வேலை செய்தோம்: நான், கணவர் மகேஸ்வரன், அவருடைய தம்பி குகநாதன். மலைச்சரிவில் கற்சுவர் கட்டி வளர்த்த பினோ நுவார், கமே என்ற இரண்டு கறுத்தத் திராட்சைகளை முதலாளி ஒன்றாகப் போட்டுப் புளிக்கவைப்பார். அதுதான் டோல். வலேக்காரர் வீட்டில் விருந்தென்றால் அந்தச் சிவப்பு வைன் மேசைக்கு வந்தே ஆகவேண்டும். குடிக்கிறவருக்கு அது நல்ல சாமான். தொட்டி கழுவுகிற எங்களுக்கு யமன்.

வைனை வடித்தபின் தொட்டியின் அடியில் தோல் மிஞ்சும். ஒருவர் ஏணியில் இறங்கி அதை அள்ளவேண்டும். புளித்த தோலிலிருந்து வரும் வாயு கண்ணுக்குத் தெரியாது, ஆளை நிமிடத்தில் சாய்த்துவிடும். அதனால் முதலில் ஒரு மெழுகுதிரியைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. அது குகனின் வேலை. அன்றும் அவன்தான் இறக்கினான். அணைந்துவிட்டது. வாயுவை வெளியே தள்ள மின்விசிறி எடுத்துவர முதலாளி போனார்.

மாமி, இவர்கள் இருவரையும் பெற்றவ, சண்டை முடிந்து அப்போது வவுனியா முகாமில் அடைபட்டிருந்தா. முள்ளுக்கம்பிக்குள் யாராவது இரக்கப்பட்டு போன் கொடுத்தால் குகனின் நம்பருக்கு எடுப்பா. நாங்கள் திருப்பி எடுக்க வழியில்லை. கொஞ்ச நாளாக ஒரு சத்தமும் இல்லை. குகன் குனிந்து திரியை இழுத்தபோது சட்டைப்பையிலிருந்த கைபேசி நழுவி உள்ளே விழுந்தது. விழுந்த இடத்திலேயே அடிக்கத் தொடங்கியது.

"அம்மா!" என்றான். அவ்வளவுதான், ஏணியில் இறங்கிவிட்டான். கைபேசியை எடுத்தான், நிமிர்ந்தான், முகம் குப்புற விழுந்தான்.

கணவர் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார். "வேண்டாமப்பா! நீங்களும் செத்துப்போவியள்!" என்று கத்திக்கொண்டு இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தார். பல் உடைந்தது.

"விடடி, அவன் என்ர தம்பி!"

என் கையைக் கடித்தார். தலைமயிரைப் பிடித்து என்னைச் சுவரில் மோதினார். அந்த மனுசன் அதுவரை என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. சவள் கைக்கு எட்டியது. முழங்காலில் போட்டேன். எழும்பினார். மறுபடி போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அப்போதும் தொட்டியை நோக்கித் தவழ்ந்தார். முதுகில் ஏறி இருந்து சட்டைக் கொலரை முறுக்கிப் பிடித்தேன். என் வாய் இரத்தம் அவர் கழுத்தில் வழிந்தது. உள்ளே கைபேசி விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்குக் குகனில் விருப்பமில்லை என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்த பிள்ளை அவன். நெஞ்சு வெடிக்க வெடிக்கத்தான் அவருக்கு மேல் இருந்தேன்.

திரும்பி வந்த முதலாளி கூப்பிட்டு, முகமூடியோடு வந்த தீயணைப்புக்காரர் குகனைத் தூக்கிவந்து எங்களுக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள். உயிர் இல்லை. முகமெல்லாம் டோலின் சிவப்பு.

"கொலைகாரி," என்றார் கணவர். "நீதான் அவனைச் சாக விட்டனீ."

குகனின் மூடிய கைக்குள் கைபேசி மறுபடி அடித்தது. விரல்களைப் பிரித்து எடுத்தேன்.

"குகனோ?"

"இல்லை மாமி, ஞானேஸ்வரி."

"பிள்ளை, எங்களைப் போகச் சொல்லிட்டாங்கள்! வேலிக்கு வெளியில நிண்டு கதைக்கிறன். அவனிட்டக் குடு."

மறைக்க எனக்கு வரவில்லை. "மாமி, குகன் போயிட்டான். தொட்டிக்குள்ள மூச்சு முட்டிப் போயிட்டான். இவரும் பின்னால இறங்கப் பாத்தார். நான் இவரின்ர காலை அடிச்சு முறிச்சுப்போட்டன்."

கணவர் தலையைக் கைபேசிப் பக்கம் திருப்பினார்.

"மற்றவனை விட்டிடாதை, பிள்ளை," என்றா மாமி. "இறுக்கிப் பிடி."

கைபேசியை அவர் காதில் வைத்தேன். மற்றக் கையால் அவர் கொலரைப் பிடித்தபடியேதான் இருந்தேன்.